எலுமிச்சம்பழமும் பறக்கிற வண்டியும்

அருணகிரியைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் வயிற்றெரிச்சலில்தான் ஆரம்பிக்க வேண்டும். மற்றபடி தங்கமான ஆள். நாமக்கல்லில் கேஸ் டேங்கர் ஓட்டுகிறான். மங்களூரில் லோடு ஏற்றிக்கொண்டு மலையிறங்கி வருவான். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை, யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவனுக்கு நல்லது ஏதாவது நடந்துவிட்டால் போதும், இவனுக்குச் சோறு இறங்காது.

இத்தனை வருஷம் பரமத்தி வேலூர் மாமனார் வீட்டில் அவன்தான் ஒரே மாப்பிள்ளை. கறிக்குழம்பில் நல்லியெலும்பு அவனுக்கு. காற்றாடிக்கு நேர் கீழே உள்ள கட்டில் அவனுக்கு. மாமனார் ஆண்டியப்பன் டிராக்டர் வாங்கியபோது எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி முதன்முதலாக நகர்த்தியவனும் அவன்தான். போன தையில் மச்சினி கோகிலவாணிக்குக் கல்யாணம் ஆயிற்று. வந்து சேர்ந்தான் மணிமாறன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, ராசிபுரத்துப் பையன், பல்வரிசை தெரியச் சிரிப்பான். அன்றிலிருந்து அருணகிரிக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

இந்த ஆடிப்பெருக்குக்கு இரண்டு ஜோடிகளும் வந்திருந்தார்கள். காவிரியில் குளித்துவிட்டு வந்து ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்த நேரம். வாசலில் மாலை போட்டு ஒரு புது பிக்கப் வண்டி நின்றது. கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கூடைகளைக் கரூர் சந்தைக்குக் கொண்டுபோக மாமனார் எடுத்த வண்டி. அருணகிரி அதை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, டயரை உதைத்துப் பார்த்து, சாவி எப்போது கைக்கு வரும் என்று காத்திருந்தான்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "பூசை முடிஞ்சதும் வண்டிய சின்ன மாப்பிள்ளையே எடுக்கட்டுங்க. தலை ஆடிக்கு வந்திருக்கறாரு, பாருங்க."

"அதுக்கென்னுங் மாமா, தாராளமா" என்றான் அருணகிரி. வாய்தான் சொன்னது. டேங்கர் ஓட்டுகிறவன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, நாற்காலியில் உட்கார்ந்து பொத்தான் தட்டுகிறவன் பழத்தின் மேல் வண்டி ஏற்றுவதா? இந்த அநியாயத்தைக் கேட்பாரே இல்லையா?

அப்போதுதான் கூடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. கிட்டாரை யாரோ கரண்டியால் அடிப்பதுபோல ஒரு இசை. அருணகிரிக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது.

மணிமாறன் தன் லேப்டாப்பை டிவியில் மாட்டிப் பழைய விளையாட்டு ஒன்றைப் போட்டிருந்தான். சக்கரமே இல்லாத வண்டிகள், மேகத்துக்கு மேலே தொங்கும் ரோடு, இன்னும் முந்நூறு வருஷம் கழித்து நடக்கப்போகிற பந்தயம். அருணகிரி டிப்ளமோ படிக்கிறேன் பேர்வழி என்று இதே வேலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரௌசிங் சென்டரில் பழியாய்க் கிடந்த காலத்தில் அவன்தான் இந்த விளையாட்டுக்கு ராஜா. மஞ்சள் வண்டியை எடுத்தால் அவனை ஒருத்தன் முந்தினதில்லை. பிரேக் பட்டன் எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது என்று சென்டர்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"அண்ணா, இது தெரியுங்களா? ரொம்பப் பழசு" என்றான் மணிமாறன்.

தெரியுமாவாம்! அருணகிரி மீசையைத் தடவிக்கொண்டான். "மாமா, ஒண்ணு சொல்றனுங். தம்பியும் நானும் ஒரு ஆட்டம் போடறோம். செயிச்சவங்க பழத்து மேல வண்டி ஏத்தட்டும். என்னுங்?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமனாரும் "அட, அப்படியே ஆகட்டுங்க" என்று கட்டிலில் வந்து உட்கார்ந்தார். மாமியார் சென்னம்மாள் கரண்டியோடு சமையலறைக் கதவில் சாய்ந்தாள். அருணகிரியின் மனைவி ஜோதி பூ தொடுத்துக்கொண்டே சுவரோரம் இருந்தாள்.

அருணகிரி விளையாட்டுக் கருவியைக் கையில் வாங்கினதும், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுவதுபோல அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கோகிலவாணி களுக்கென்று சிரித்தாள். அவன் கண்டுகொள்ளவில்லை. திரையைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்துத்தான் போனான். அன்றைக்குக் கண்ணைப் பறித்த நகரமா இது? கட்டடமெல்லாம் தீப்பெட்டி அடுக்கினது மாதிரி இருக்கிறது. சரி, ரோடு அதே ரோடுதானே.

பச்சை விளக்கு விழுந்ததும் மஞ்சள் வண்டி சீறிக் கிளம்பியது. முதல் சுற்றிலேயே மணிமாறனின் நீல வண்டி பின்தங்கியது. ஒவ்வொரு வளைவும் அருணகிரிக்கு மனப்பாடம். சுரங்கத்துக்குள் இடப்பக்கம், வெளியே வந்ததும் ஒரு தாவல், அப்புறம் கண்ணாடிப் பாலம். ஆகா! சாவி கைக்கு வந்த மாதிரிதான். ஓரக்கண்ணால் மாமனாரைப் பார்த்தான். அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சுற்று. கடைசி வளைவு. கீழே அதலபாதாளம். முன்னால் கம்ப்யூட்டர் ஓட்டும் ஏதோ ஒரு சிவப்பு வண்டி, சுவரில் உரசிப் புகைவிட்டுக்கொண்டு தள்ளாடியது. பழைய அருணகிரியாக இருந்தால் அதை இடித்துத் தள்ளிவிட்டுப் போயிருப்பான். இந்த அருணகிரியின் கட்டைவிரல் அவனைக் கேட்காமலே பிரேக்கை அழுத்திவிட்டது. காலும் தரையில் எதையோ மிதித்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு டேங்கர் கேஸ் இருப்பதுபோல உடம்பு முழுக்க நிதானித்தது. அந்த நிதானத்தில் நீல வண்டி சர்ரென்று தாண்டிக் கோட்டைக் கடந்தது.

"அண்ணா, இதுல பிரேக்கே புடிக்கக் கூடாதுங்க!" என்றான் மணிமாறன், நல்ல எண்ணத்தோடுதான்.

ஜோதி பூவைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அடி பாவி, யார் சிரித்தாலும் பொறுக்கலாம், நீயுமா? அருணகிரிக்குக் காது இரண்டும் சுட்டது. மணிமாறன் வேறு, "நீங்களே எடுங்கண்ணா, எனக்கொண்ணும் இல்லீங்க" என்று சாவியை நீட்டித் தொலைத்தான். பிச்சையா போடுகிறான்? "பந்தயம்னா பந்தயந்தான் தம்பி" என்று அருணகிரி வாசலுக்கு நடந்துவிட்டான்.

சூடம் காட்டி முடிந்தது. மாமனார் தாம்பாளத்தை அவனிடம் நீட்டினார். "மாப்பிள்ளை, பழத்த மட்டும் உங்க கையால வெச்சிருங்க. உங்களாட்டம் யாரு வெப்பாங்க?"

அவன் குனிந்து பழங்களை வைத்தான். முன் சக்கரம் இரண்டுக்கும் சரியாக, டயரை ஒட்டி. பின்னால் வலப்பக்கமும் சரியாக. இடப்பக்கத்துப் பழத்தை வைக்கும்போது கை கொஞ்சம் தள்ளிப் போனது. தானாகப் போகவில்லை, அவன்தான் தள்ளினான். டயர் உரசிக்கொண்டு போகும், பழம் முழுசாகக் கிடக்கும். அபசகுனம் என்று அத்தை முகம் வெளுக்கும். பெரிய மாப்பிள்ளையை எடுக்கச் சொல்லியிருக்கலாமே என்று யாராவது வாய்விட்டே சொல்வார்கள். சொல்லட்டும், நன்றாகச் சொல்லட்டும்.

நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டான். மணிமாறன் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். சென்னம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு முணுமுணுத்தாள். "கருப்பணசாமி, இந்த மனுசன் நெதம் இதுலதான் போயி வரப்போறாரு, பத்தரமா ஊடு சேத்துருப்பா." மாமனார் பக்கத்தில் குழந்தை மாதிரி நின்று சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அருணகிரிக்கு அப்போதுதான் உறைத்தது. அடப்பாவி, பழம் தப்பினால் மணிமாறனுக்கா கெட்டது? நாளைக்கு இந்த வண்டியில் உட்காரப் போவது இந்தக் கிழவனல்லவா! அத்தை தினமும் வாசலைப் பார்த்துப் பார்த்துச் செத்துப் போவாளே.

"நில்லுங்க, நில்லுங்க!" கிளீனர் தட்டுவதுபோல வண்டியின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். "தம்பி, கிளச்ச உடாதீங்க. கல்லு ஒண்ணு கெடக்குது."

கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. குனிந்து பழத்தை டயருக்கு நேராக இழுத்து வைத்தான். பிறகு கையை ஆட்டி, "வாங்க... அப்படியே வரட்டும்... வரட்டும்" என்றான். இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் சகலைக்குக் கிளீனராகி நின்றான். நாலு பழமும் சளக்கென்று நசுங்கின.

"ராசியான கைங்க சின்ன மாப்பிள்ளைக்கு!" என்றார் மாமனார். அருணகிரியின் வயிறு பழையபடி எரிந்தது.

பந்தியில் ஜோதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏனுங்க, கோவமா?"

"நீ சிரிச்சயல்லொ."

"தோத்ததுக்கா சிரிச்சேன்? டிவில ஓடற வண்டிக்குமா பிரேக் புடிப்பாங்க!" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பழத்த எங்க வெச்சீங்கன்னு பாத்துட்டுத்தானுங்க நின்னேன்."

அருணகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பறம் ஏன் சொல்லுல?"

"நீங்க பிரேக் புடிப்பீங்கன்னு தெரியுமுங்க."

அவன் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தான். வந்த சந்தோஷத்தில் மணிமாறனைக்கூட மன்னித்துவிடலாம் போலத்தான் இருந்தது. அதற்குள் அத்தை குழம்புச் சட்டியில் துழாவி, நல்லியெலும்பை எடுத்துச் சின்ன மாப்பிள்ளை இலையில் வைத்தாள்.