அல்பினின் ரத்தத்தில் குடியேறியவர்கள்

கொச்செவ்யே காட்டோரம் இருக்கும் எங்கள் ஊரின் தபால்காரர் அல்பினுக்கு மண்ணீரல் கிடையாது. இருபத்திரண்டு வயதில், மான் பார்க்க ஏறிய பரணிலிருந்து விழுந்ததில் அது கிழிந்துபோக, எடுத்துவிட்டார்கள். "மலையேற ஒரு சுமை கம்மி" என்று பெருமையடிப்பார்.

போன மே மாதம் ஒரு கிடா மானைச் சுட்டார். வழக்கம்போல் சால்வை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்தார். மானின் உடல் ஆற ஆற, அதிலிருந்த உண்ணிகள் சூடான இடம் தேடிக் கிளம்பின. பக்கத்திலேயே அல்பினின் கழுத்து இருந்தது.

அன்று சாயங்காலம் மனைவி மார்யெதா அவர் முதுகிலிருந்து ஏழு உண்ணிகளைப் பிடுங்கினாள்.

"நாய்க்கு மட்டும் உண்ணிப்பட்டை வாங்கிப் போட்டிருக்க. உனக்கு?"

"நாய் புதருக்குள்ள புகுந்து போவுதுடி. நான் மனுஷன்."

"அதான் சொல்றேன். நாய்க்கு இருக்கிற புத்தி உனக்கில்ல."

இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தது. உடம்பை உலுக்கும் குளிர். நான்காம் நாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது.

"நீ போட்ட பீட்ரூட்டுதான் காரணம்" என்றார் மனைவியிடம்.

"பீட்ரூட் போட்டு ஒரு மாசமாச்சு. கிளம்பு ஆஸ்பத்திரிக்கு."

அங்கே இளம் டாக்டர் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் குழப்பம்.

"சிவப்பணுவுக்குள்ள ஏதோ இருக்கு. மலேரியா மாதிரி தெரியுது. ஆப்பிரிக்கா போயிருந்தீங்களா?"

"பக்கத்து நாட்டுத் திரியெஸ்த் வரைக்கும் போயிருக்கேன், டாக்டர். செருப்பு வாங்க."

அப்போது அல்பினைப் பார்க்க வந்திருந்தாள் தரிங்கா. ஊர்க் கால்நடை மருத்துவர். அவரோடு வேட்டைக்கும் போகிறவள். பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"டாக்டர், இவருக்கு மண்ணீரல் இல்ல, தெரியுமா? ரெண்டு வாரம் முன்னாடி உடம்பெல்லாம் உண்ணி. நாய்க்கு வர்ற பபேசியான்னு ஒரு கிருமி இருக்கு. மான்கிட்டயும் அதோட பங்காளி உண்டு. உண்ணி கடிச்சா ஏறிடும். மண்ணீரல் இருந்தா அது வடிகட்டும். இவர்கிட்டதான் சல்லடையே இல்லையே!"

டாக்டர் விடுவிடுவென்று உள்ளே போனார். பெரிய நகரத்துக்கு மாதிரி அனுப்பிச் சோதித்தார்கள். அவள் சொன்னதேதான்.

அல்பின் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ எனக்கு மாட்டு டாக்டர்தான் வைத்தியமா?"

"ஊசி குதிரைக்குப் போடறதுதான் இருக்கு. வேணுமா?"

சிரித்தார். ஆனால் அன்றிரவு காய்ச்சல் ஏறியபோது மார்யெதாவின் விரல்களை விடவே இல்லை. ரத்தம் ஏற்றினார்கள். ஆறு வாரம் மருந்து. பதினொரு கிலோ குறைந்து, தபால் சட்டை கொடியில் காய்வதுபோல் தொங்க, வீட்டுக்கு வந்தார்.

வேட்டைக் கழகக் கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார்: "இனிமே மானைத் தோள்ல போடாதீங்க. இழுத்துட்டு வாங்க. கால்சட்டைய காலுறைக்குள்ள சொருகுங்க. வீட்டுக்கு வந்ததும் துணியெல்லாம் கழட்டி, முதுகுல உண்ணி இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க."

"யார் பாக்கறது, அல்பின்?" என்றார் தனிக்கட்டையான லுத்விக்.

"கண்ணாடி வாங்கு. இல்லன்னா கல்யாணம் பண்ணு."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ஆனாலும் மறுவாரம் லுத்விக் கடையில் ஆளுயரக் கண்ணாடி வாங்கியதை நானே பார்த்தேன்.

இந்த மே மாதம் அல்பின் மானைப் பழைய பனிச்சறுக்குப் பலகையில் கட்டிப் புல்மேல் இழுத்து வந்தார். மார்யெதா டார்ச்சும் இடுக்கியுமாகக் கொட்டகையில் காத்திருந்தாள். அவர் தொப்புளில் ஓர் உண்ணி அகப்பட்டது.

"அசையாத" என்றாள்.

முப்பத்தோரு வருட மணவாழ்வில் முதல்முறையாக அவள் சொன்னபடி அவர் நின்றார்.