சட்டைப் பையில் திருநீறு

வெளிநாட்டில் நடக்கும் கலைக் கண்காட்சிக்கு நம் நாட்டின் சார்பில் என் படைப்பு தேர்வானபோது, என் மாமியார் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "பழைய சட்டையப் பாக்கவா அவ்ளோ தூரத்துலேர்ந்து வருவானுங்க?" கேள்வியில் நியாயம் இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது.

நான் செய்திருந்தது அதைத்தான். சிங்கப்பூருக்கு இக்கரையில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பாசிர் கூடாங் ஆலைத் தொழிலாளர்களின் பழைய சீருடைச் சட்டைகளை வாங்கி, கையோடு கை சேர்த்துத் தைத்து, ஒரு சுவரையே மறைக்கும் அளவுக்குப் பெரிதாக்கியிருந்தேன். என் கணவரின் சட்டையும் அதில் உண்டு. அவர் அங்கே ஒரு ரசாயன ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். நடுவில் இருந்தது அவருடைய நண்பரின் சட்டை. ஆலையில் தீப்பிடித்த அன்று அந்த நண்பர் வீடு திரும்பவில்லை. வீட்டில் இருந்த மாற்றுச் சட்டையை அவர் மனைவி துவைத்துத் தேய்த்து என்னிடம் கொடுத்தார். அதற்கு வெளியே பை கிடையாது. கைப்பேசி வைக்க உள்பக்கம் அந்த மனைவியே தைத்துக் கொடுத்த சின்னப் பை ஒன்றுதான். பைகள் எதையும் நான் மூடித் தைக்கவில்லை. பை திறந்திருந்தால்தான் சட்டை சட்டையாக இருக்கும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு வாசலிலிருந்துதான் பெட்டி லாரியில் ஏறியது. கண்காட்சி நடக்கும் ஊரில் நம் நாட்டுக்கென்று சொந்த மண்டபம் இல்லை. ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து, வாசலில் நாட்டின் பெயரை எழுதியிருந்தார்கள். பெட்டியைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொள்ள, கண்காட்சியை அமைக்கும் மலாய்க்காரப் பெண்மணி முன்கூட்டியே அங்கே போயிருந்தார்.

சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது மாமியார் கேட்டார்: "பெட்டி ஏறிடுச்சாம்மா?"

விமானமே கிளம்பிவிட்டது என்றேன்.

"அப்ப சரி. எல்லா பாக்கெட்லயும் துன்னூறு வெச்சுட்டேன். வெறுமையா அனுப்பக்கூடாதுல்ல."

மகன் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் திருநீற்றைத் துண்டுக் காகிதத்தில் மடித்து அவர் சட்டைப் பையில் வைப்பது மாமியாரின் வழக்கம். தீ விபத்துக்குப் பிறகு ஒரு நாளும் அது தவறியதில்லை. ஆனால் இது?

"எல்லாத்துலயுமா அத்தை?"

"ஒண்ணு விடல. நாட்டுக்காகப் போவுதுன்னு நீதானே சொன்ன?"

சின்னச் சின்னக் காகித மடிப்பு. உள்ளே வெள்ளைப் பொடி. சட்டைக்குச் சட்டை, பைக்குப் பை. பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் போய் வருகிற எங்களுக்குச் சுங்கச் சோதனை புதிதல்ல. பிஸ்கட் டின்னைக்கூடத் திறந்து காட்டியிருக்கிறேன். போதைப்பொருள் கடத்தினால் மரணம் என்று விமான நிலையத்தில் பார்த்த பலகைதான் கண்முன் நின்றது. பெட்டியை வாங்கிக்கொள்ளப் போகும் அந்தப் பெண்மணியை நினைத்தபோது கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"அலமாக்!" என்று மலாயில் ஐயோ போட்டார் என் கணவர். பிறகு சிரித்தார். நான் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றுவிட்டது.

உடனே அந்தப் பெண்மணிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"என்ன பொடி?" என்று மலாயில் கேட்டார்.

"சாம்பல்."

"எதன் சாம்பல்?"

"பசுஞ்சாணத்தின் சாம்பல்."

மாடு சம்பந்தப்பட்ட எதையும் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்றார். போதைப்பொருள் இல்லை என்று தப்பித்தால், சாணம் என்று மாட்டிக்கொள்வோம். சுங்க அதிகாரிகள் பெட்டியைத் திறப்பதற்கு முன் தானே போய்ச் சொல்லிவிடுவதாகச் சொல்லி அழைப்பைத் துண்டித்தார்.

அதற்குப் பிறகு தகவல் இல்லை. நான் அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவரை எங்கேயாவது உட்கார வைத்திருப்பார்களோ, கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார்களோ என்று மனம் கண்டபடி ஓடியது. சோறு இறங்கவில்லை. வீட்டு வாசலில் எந்தக் கார் நின்றாலும் எட்டிப் பார்த்தேன்.

"நாட்டு மானமே போகப் போவுது அத்தை! ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?" என்று கத்தினேன்.

அவர் திருப்பிக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "ரொம்பப் பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"பயமாத்தான் இருக்கு."

"எனக்கு அவன் வேலைக்குப் போற அன்னிக்கெல்லாம் இப்படித்தாம்மா இருக்கும்."

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. எழுந்து போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

மறுநாள்தான் அழைப்பு வந்தது. எல்லா மடிப்பையும் பிரித்துச் சோதித்துவிட்டுப் பொடியை எடுத்துக்கொண்டார்களாம், சட்டைகளை விட்டுவிட்டார்களாம். அந்தப் பெண்மணியின் குரல் கம்மியிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். திறப்பு விழாவுக்கு முன்தினம் அவர் மறுபடியும் அழைத்தார். சுவரில் மாட்டும்போது நடுச்சட்டையின் உள்பையில் ஒரு மடிப்பு கைக்குத் தட்டுப்பட்டதாம். அதிகாரிகள் கண்ணில் படாமல் தப்பியது.

"என்ன செய்யட்டும்? யாராவது பார்த்தால், மறைத்துவிட்டேன் என்பார்கள். கழிவறையில் கொட்டிவிடவா?"

இங்கே கணவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாமியார் சாமி மேடை முன்னால் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு அவரிடம் சொன்னேன்: "அத்தை, அந்த நடுச்சட்டையில மட்டும் ஒண்ணு இருக்காம்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "அந்தப் புள்ள கடைசியா வேலைக்குப் போன அன்னிக்கு அவனுக்கு யாரும் வெச்சிருக்க மாட்டாங்க" என்றார்.

பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது.

"இருக்கட்டும்" என்று மலாயில் சொன்னேன்.

அந்தப் பெண்மணி பெருமூச்சு விட்டார். "சரி. நான் எதையும் பார்க்கவில்லை" என்றார்.

மாமியார் எழுந்து வாசலுக்குப் போய், கையிலிருந்த மடிப்பை மகனின் சட்டைப் பையில் வைத்தார். நானும் பின்னால் போனேன். மோட்டார் சைக்கிள் சத்தம் முழுதாக அடங்கும் வரை இரண்டு பேரும் கேட்டைப் பிடித்தபடி நின்றோம்.