சங்கரா வந்தா சொல்லுங்க

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு, விட்டுப்போன புரோகிராமர் வேலைக்குத் திரும்பலாம் என்று கிளம்பினேன். ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். படித்ததில் பாதி ஞாபகம் வந்தது. ஈவென்ட், டெலிகேட் என்ற இரண்டு மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேன் என்றன. கட்டாயம் கேட்பார்கள், உளறினால் வேலை போச்சு என்று பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, படூர் ஃபிளாட்டில் வீட்டுக்காரர் விளக்க உட்கார்ந்தார். அவருக்கும் இதே தொழில்தான்.

"பட்டனை அழுத்தினா கிளிக் ஈவென்ட் வரும். உன் ஃபங்ஷன் ஓடும்."

"பட்டனுக்கு என் ஃபங்ஷன எப்படித் தெரியும்?"

"டெலிகேட் மூலமா."

"டெலிகேட்னா இன்னா?"

"அதான், ஈவென்ட்டுக்கு நாம குடுக்கிறது."

சுற்றிச் சுற்றி சுப்பர் கொல்லைக்கே வந்தார். எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பை மூடினேன்.

அப்போது போன் அடித்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பத்துக் கரையில் மீன் விற்கும் என் அண்ணி. "சங்கரா வந்துகீது. எடுத்து வெக்கட்டா?"

சங்கரா மீன் வந்தால் சொல்லுங்கள் என்று போன வாரம் சொல்லி வைத்திருந்தேன். சொல்லி வைப்பது. அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். நான் மீனைக் குழம்பு வைப்பேனா, வறுப்பேனா, அண்ணிக்குத் தெரியாது; தெரியவும் வேண்டாம். அவரிடம் இருப்பது என் நம்பர் மட்டும். அதுதான் டெலிகேட். படகில் மீன் வருவது ஈவென்ட். சொல்லி வைத்த எல்லோருக்கும் வரிசையாகப் போன் போடுவார். மீன் வந்தது என்று நான் இங்கிருந்து கூவ முடியாது. கரையில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

"அண்ணிதான் பட்டன்" என்றேன். வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். பாவம், வண்டியை எடுத்துக்கொண்டு போய் மீனை வாங்கி வந்தவரும் அவர்தான். அன்றைக்கு அவர் தட்டில் சந்தோஷமாக இரண்டு மீன் கூடவே வைத்தேன்.

இன்டர்வியூவில் அதே கேள்வி வந்தது. அண்ணி கதையையே சொன்னேன். "சரி, சொல்லி வெச்சத ரத்து பண்ண மறந்துட்டா?" என்றார் எதிரே இருந்த பெண்.

"நானும் மறந்துட்டேங்க. சங்கரா போதும்னு சொல்லவேயில்ல. மீன் தேவையில்லாட்டியும் அண்ணி ஞாபகத்துல உக்காந்துகினு கீறேன். அதான் மெமரி லீக்."

வீட்டுப் பேச்சு வாய் தவறி வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டார். கடைசியில், "சொல்லி அனுப்புறோம்" என்றார்.

நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். இனி கூப்பிட வேண்டியது அவர்கள் பாடு. ஆனால் மனசு கேட்குமா? போன் அடித்தபோதெல்லாம் ஓடினேன். எல்லாம் சங்கரா. "இன்னாம்மா, மூச்சு வாங்குது?" என்றார் அண்ணி.

ஒரு நாள் காலை, கையெல்லாம் தோசை மாவு. யாரென்று பார்க்காமலே போனை எடுத்து, "இன்னிக்கி வேணாம் அண்ணி" என்றேன்.



"வேலையுமா வேணாம்?" என்றார் இன்டர்வியூவில் சிரித்த அந்தப் பெண்.