மஞ்சவாலின் வயிறு

விமானத்தின் அடியில் பெட்டிகளை அடுக்கும் அறைக்குக் கம்பெனிக்காரன் என்ன பெயர் வைத்திருந்தாலும், குவைத் விமான நிலையத்தில் சுமை ஏற்றுகிறவர்களுக்கு அது வயிறுதான். வயிறு நிறைந்ததா, கதவைச் சாத்து, யல்லா, அடுத்த விமானம். குளச்சல்காரன் கிளிட்டஸுக்கு அங்கே புறப்படும் விமானங்களில் மட்டும் வேலை. கட்டுமரம் தள்ளி உரமேறிய தோள். பெட்டியை ஒரு தூக்குத் தூக்கினால் போதும், உள்ளே போர்வையா, பால் பவுடர் டின்னா என்று சொல்லிவிடுவான். அந்தத் தூக்கின் மேல் அவனுக்கு ஒரு கர்வம் இருந்தது. அவனைக் கெடுத்ததும் அந்தக் கர்வம்தான்.

அவன் தம்பி எபின், குவைத்திலேயே ஃபஹாஹீலில் மீன்பிடிப் படகில் வேலை செய்தவன். விடியலில் துறைமுகத்துக்கு நடந்து போனவனை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டுப் போனது. கேஸ் நடந்தது. கார்க்காரன் தரப்பு உயிருக்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. எபினின் மனைவி பெர்சி ஊரில் இருந்தாள், இடுப்பில் ஒரு பெண்பிள்ளை. அதனால் பணத்தை வாங்கும் அதிகாரத்தைக் கிளிட்டஸ் பெயருக்கு எழுதி, முத்திரை குத்தி அனுப்பினாள். படித்துப் பார்க்கச் சொன்னவர்களிடம், “அத்தான் பாத்துக்கிடுவாவ” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாளாம்.

பணம் வந்தது. எபினின் மொத்த உயிரும் ஒரு காசோலையாகக் கிளிட்டஸ் கையில் இருந்தது. அன்றைக்கே அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பணம் அனுப்பும் கடையில் கூட்டம், நாளைக்கு அனுப்பலாம் என்று அறைக்கு வந்தான். அங்கே கௌஸ் முகைதீன் பிரியாணிப் பொட்டலங்களோடு உட்கார்ந்திருந்தான்.

கௌஸ் முகைதீன் ராமநாதபுரம் பக்கம். அதே விமான நிலையத்தில், வந்து இறங்கும் விமானங்களில் சுமை இறக்குகிறவன். “ஷேர்ல போட்டது நல்லா ஏறிருச்சுப்பா. தின்னுங்க எல்லாரும்” என்றான். அப்போது வளைகுடா முழுக்க அந்தப் பைத்தியம்தான். முடி வெட்டுகிறவன் கத்தியை நிறுத்திவிட்டு ஷேர் விலை கேட்பான், டாக்ஸிக்காரன் சிக்னலில் நின்று கேட்பான். கௌஸ் வாங்கியிருந்தது ஒரு புதுக் கம்பெனியின் ஷேர். ஆப்பிரிக்காவில் செல்போன் கோபுரம் நட்ட முதலாளிகள், அந்தக் காசில் விமானங்களும் வாங்கிவிட்டிருந்தார்கள். கார்ட்டூம், அடிஸ் அபாபா, எண்டெபி என்று ஆப்பிரிக்க ஊர்களுக்கு அந்த விமானம் மலிவு டிக்கெட்டில் பறந்தது. வால் மஞ்சள் நிறமாக இருந்ததால் பையன்கள் அதற்கு மஞ்சவால் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மஞ்சவாலைக் கிளிட்டஸுக்குத் தெரியாதா என்ன! தினமும் அதன் வயிற்றை நிறைப்பவனே அவன்தானே. மற்ற விமானங்களில் இடம் மிச்சம் இருக்கும். மஞ்சவாலில் கதவைச் சாத்த முழங்காலால் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். “பேப்பர்ல எழுதுகவன் எழுதட்டும் மக்கா, நான் வயித்தப் பாக்கேன். அந்தக் கம்பெனிக்கு ஓட்டமான ஓட்டம்” என்றான்.

தன் சொந்தக் காசென்றால் செருப்பு வாங்கக்கூடப் பத்துக் கடை ஏறி இறங்குகிறவன் அவன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதையாக, தம்பி காசை அப்படியே மஞ்சவாலில் போட்டான். கெட்ட எண்ணம் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் காசு பெர்சிக்கு ஒரு கூரை போடும், அவ்வளவுதான். இரட்டித்தால் கோயில் ரோட்டில் நிலம் வாங்கலாம், பிள்ளையை நர்சுக்குப் படிக்க வைக்கலாம். லீவுக்குப் போகும்போது கையில் கொண்டு கொடுத்து, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதுவரை சொல்ல ஒரு பொய் வேண்டுமே. “கேஸு இழுத்துக்கிட்டே கிடக்கு பெர்சி” என்று போனில் சொன்னான்.

வெயில் காலம் வரைக்கும் விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது. கௌஸ் விற்றுவிட்டான். “போதும்டா கிளிட்டஸ், கிடைச்சது அல்லாஹ் குடுத்தது. நீயும் வித்துரு” என்றான். கிளிட்டஸ் சிரித்தான்.

பிறகு அமெரிக்காவில் ஏதோ பாங்க் முங்கிவிட்டது என்றார்கள். மஞ்சவாலின் விலை இறங்கத் தொடங்கியது. இறங்கியது என்றால் படிப்படியாகவா, குடம் உருண்ட மாதிரி. ஆனால் ஆச்சரியம் பாருங்கள், வயிறு முன்னைவிட நிறைந்தது! டிவி ஏறியது, மெத்தை ஏறியது, குழந்தைகளின் சைக்கிள் ஏறியது. அட்டைப் பெட்டிகளில் பெயரும் ஊரும் மார்க்கரில் எழுதி, கயிறு போட்டு வரிந்து வரிந்து வந்தன. கிளிட்டஸுக்கு முதுகு விட்டுப்போனது, மனசு மட்டும் குளிர்ந்தது. “கம்பெனி நொடிஞ்சா இம்புட்டுப் பெட்டி ஏறுமாலேய்? விலைய எறக்கி வாங்கப் பாக்கானுவ” என்று சொல்லி, தான் சேர்த்து வைத்திருந்ததையும் அதிலேயே கொட்டினான். அடப்பாவி என்று சொல்ல அந்த அறையில் ஆளில்லை. கௌஸும் வாயை மூடிக்கொண்டான். ஒரு தடவை சொன்னதற்கே, பொறாமைக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தான்.

இறக்கும் பக்கத்தில் ஒருவன் வேலையை விட்டுப் போனதால், கிளிட்டஸை அங்கே மாற்றிப் போட்டார்கள். முதல் நாளே அடிஸ் அபாபாவிலிருந்து மஞ்சவால் வந்து நின்றது. கிளிட்டஸ் கையுறையை இறுக்கிக்கொண்டு வயிற்றைத் திறந்தான். மூலையில் நாலைந்து பை கிடந்தன. ஒரு சக்கர நாற்காலி கிடந்தது. மற்றபடி வெறும் தகரம்.

“மத்த சாமானெல்லாம் எங்க?” என்று கேட்டான்.

“மத்ததா? வந்தாத்தானே!” என்றான் கௌஸ். “கொஞ்ச நாளாவே இப்படித்தான் வருது. கம்பெனி கம்பெனியா ஆளைக் கழிச்சு அனுப்புறான். வேலை போனவன் வீட்டையே கட்டித் தூக்கிட்டுப் போறான். போனவன் எவன் திரும்பி வர்றான்? போகையில ஒத்தை டிக்கெட்டு, வரையில காலிச் சீட்டு. நீ ஏத்துனதை யாவாரம்னா நெனச்சே?”

கிளிட்டஸ் அந்த வயிற்றுக்குள்ளேயே குந்திவிட்டான். தூக்கிப் பார்த்து எல்லாம் சொன்னவனுக்கு, அந்தப் பெட்டிகள் எதற்காகப் போகின்றன என்று கேட்கத் தோன்றவில்லை. பெட்டிக்காரர்களைக் கேட்டிருந்தால் கட்டியழுது சொல்லியிருப்பார்கள். விலை இறங்கின நாளிலிருந்து அவன் ஏற்றியது அந்தக் கம்பெனியின் பிணத்தை.

டியூட்டி முடிந்ததும் சட்டைகூட மாற்றாமல் ஷேர் தரகர் ஆபீசுக்கு ஓடினான். பெரிய பலகை முழுக்கச் சிவப்பு. “பாய், மாஃபி. வாங்குறதுக்கு ஆள் மாஃபி” என்று கையை விரித்தான் கவுண்டரில் இருந்த மலையாளி. எந்த விலைக்கும் கொடுத்துவிடு என்று கெஞ்சினான் கிளிட்டஸ். எந்த விலைக்கும் ஆளில்லை. வெள்ளை அங்கி போட்ட குவைத்திக் கிழவர் ஒருவர் பக்கத்தில் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். அவருக்குப் போனால் பணம்தான் போகும், எனக்கு எபினே இன்னொரு தடவை போகிறானே என்று நினைத்துக் கிளிட்டஸும் அழுதான். அடுத்த வாரம் அந்த ஷேரின் வியாபாரத்தையே நிறுத்திவிட்டார்கள். மஞ்சவால் பறப்பதும் நின்றது.

அதன் பிறகு அவன் மனுஷனாக இல்லை. குப்பூஸ் ரொட்டியைப் பிட்டு அப்படியே வைத்துவிடுவான். போனில் பெர்சியின் நம்பர் வந்தால் அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு வெள்ளிக்கிழமை ஃபஹாஹீல் கடற்கரையில் போய், எபினின் படகு கட்டியிருந்த இடத்தில் நின்றான். விழுந்துவிடலாம் என்றுதான் போனான். கடலில் பிறந்தவன் விழுந்தால் உடம்பு தானே நீந்திவிடும், அதற்கும் வழியில்லை என்று திரும்பி வந்தான்.

அப்படி இருக்கையில்தான் ஒரு மத்தியானம் திருவனந்தபுரத்து விமானத்தில் அந்தப் பை வந்தது. சின்னப் பை. நீல வலைக்கயிறு போட்டுக் கட்டியிருந்தது, முடிச்சு குளச்சல் கரையில் போடும் முடிச்சு. மார்க்கரில் எழுதியிருந்தது: பெர்சி எபின், குளச்சல்.

“யல்லா, யல்லா!” என்று சூப்பர்வைசர் கத்தினான். கிளிட்டஸ் பையை பெல்ட்டில் போடவில்லை. கையில் பிடித்தபடியே ஊழியர் கதவு வழியாக உள்ளே ஓடினான்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்களை, விசா கொடுத்த முதலாளியான கஃபீல் வந்து கூட்டிப்போகும்வரை உட்கார வைக்கும் மூலை ஒன்று அங்கே உண்டு. தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெர்சி, மடிப்புக் கலையாத புதுச் சேலையில்.

“அத்தான்! நீங்க எப்படி அறிஞ்சிய?” என்று எழுந்தாள்.

“நீ எதுக்கு வந்த?”

“போன் அடிச்சா எடுக்கல்ல. சொன்னா விடமாட்டியன்னு சொல்லாம வந்துட்டேன். கேஸு முடியுற வரைக்கும்தான், ஒரு வீட்டுல சமையல் வேல. கூரை ஒழுகுது அத்தான், பிள்ளைக்கு பீஸு கட்டல்ல. அம்மைகிட்ட விட்டுட்டு வரும்போ கால கெட்டிப் பிடிச்சுக்கிட்டு விடல்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க என்ன இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டிய? எங்களுக்காவ கோர்ட்டுக்கு அலைஞ்சு அலைஞ்சுதானே?”

அடித்திருந்தால் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை.

“கேஸு முடிஞ்சிட்டு பெர்சி.”

“எப்போ?”

“போன வருசமே. தீர்ப்பாயி, காசும் எனக்க கையில வந்துட்டு.”

பெர்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். அப்புறம் மாதாவே மாதாவே என்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுப்பதைக் கவனிக்கவில்லை.

“அப்போ நான் வேலைக்குப் போவண்டாம்! இப்ப வந்த பிளேனு திரும்பிப் போவும் இல்லியா அத்தான்? அதுலயே ஏறிரலாமா?” பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அக்கா, எனக்க அத்தான் வந்துட்டாவ. நான் ஊருக்குப் போறேன்.”

அவள் பையை வாங்கக் கை நீட்டினாள். கிளிட்டஸ் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றான்.