பானட்டைத் தாங்கிய நான்கு கைகள்

எங்கள் கார் பதினாறு வருடம் பழையது. அதன் பானட்டைத் தூக்கினால் நிற்காது. இரண்டு பக்கமும் அதைத் தாங்கிப் பிடிக்கும் கேஸ் ஷாக்குகள் ஓய்ந்துபோயிருந்தன. துடைப்பக் கட்டையை முட்டுக்கொடுத்துத்தான் தண்ணீர் ஊற்றுவோம். ஒரு வியாழக்கிழமை கட்டை வழுக்கி, பானட் என் கணவரின் தலையில் இறங்கியது. மறுநாளே கடலூர் போய்ப் புது ஜோடி வாங்கி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காலை ஷிப்ட். "நான் வந்து மாட்டுறேன், நீ கைய வைக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் சுரங்க வேலைக்குப் போகும் மைன்ஸ் பஸ் ஏறினார். எனக்குப் பொறுமை இல்லை. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறவளுக்கு இரண்டு கம்பி பெரிய விஷயமா?

இடது பக்கத்துப் பழைய ஷாக்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கழற்றினேன். புதியதை எடுக்கக் குனிந்தபோது முழங்கை பட்டுக் கட்டை சாய்ந்தது. நல்லவேளை, இரண்டு கையாலும் பானட்டைப் பிடித்துவிட்டேன். ஆனால் தோளில் ஊக்குப் போட்டுக் குத்தியிருந்த துப்பட்டாவின் முனை பானட் கொக்கியில் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க ஒரு கை வேண்டும். ஒரு கையை விட்டால் பானட் இறங்கும்.

"யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினேன்.

வந்தது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். எட்டு மாதமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. எங்கள் கார்ப் புகை அவர் காயப்போட்ட வெள்ளைப் புடவைகளில் படிந்ததும், அவர் "இதெல்லாம் ஒரு காரா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னதும், நான் பதிலுக்குப் பதில் பேசியதும்தான் காரணம்.

அவர் நேராக வந்து பானட்டுக்குத் தோள் கொடுத்தார்.

"மொதல்ல துப்பட்டாவ எடுங்க, டீச்சர்."

எடுத்தேன். அவர் தாங்கிக்கொண்டு நிற்க, நான் புது ஷாக்கை மாட்ட முயன்றேன். பொருந்தவே இல்லை.

"என்னா டீச்சர் பண்ணிக்கினு இருக்கீங்க? அந்தப் பக்கம் இருக்கறதப் பாருங்க. ஒல்லிக் கம்பி கீழ இருக்கு. நீங்க தலகீழா மாட்டறீங்க."

பார்த்தேன். உண்மைதான். திருப்பி வைத்து அழுத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. வலது பக்கமும் அப்படியே. இருவரும் மெல்லக் கையை எடுத்தோம், விழுந்தால் பிடிக்கத் தயாராக. பானட் தானாகவே நின்றது. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மூடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. புது ஷாக் அத்தனை விறைப்பு. "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று எண்ணி இருவரும் சேர்ந்து அழுத்தினோம்.

டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் உருட்டியபடி, "அன்னிக்கி நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாதுங்க" என்றார்.

"எங்க மேலயும் தப்பு இருக்கு அக்கா. கொடிகிட்ட கார நிறுத்துனது நாங்கதான?"

ஷிப்ட் முடிந்து கணவர் வந்தபோது நாங்கள் வாசலில் பானட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தோம். அவர் எங்களையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு மாட்டுனது?"

"நாங்கதான்" என்றார் அக்கா, நான் வாயைத் திறப்பதற்குள்.

அடுத்த ஞாயிறு அக்காவைக் குள்ளஞ்சாவடியில் அவருடைய அம்மா வீட்டில் விட நானே காரை ஓட்டிப் போனேன். பேசாமல் விட்ட எட்டு மாதக் கதையையும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். கேட்ட சுவாரஸ்யத்தில் நான் திரும்ப வேண்டிய கடைத்தெருவைத் தாண்டிப் போய்விட்டேன். அவரும் கவனிக்கவில்லை.