கல்லுக்குப் பின்னால் ஒரு மீன்

விரலை நனைத்து நாக்கில் வைக்கிறார் ஹமீது பீவி. முகம் சுளிக்கிறது. ஒரு தம்ளர் கேன் தண்ணீரைக் கூடத்துக் கண்ணாடித் தொட்டியின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த தம்ளருக்கு இன்னும் ஒரு மணி நேரம். "பைய, பைய" என்பது மீனுக்கா தனக்கா என்று தெரியாது.

மேலப்பாளையத்தில் இவர் மீன் குழம்புக்குப் பேரே தனி. மூடியைத் திறக்காமல் வாசத்திலேயே உப்பு கூடவா குறையவா என்று சொல்லிவிடுவார். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாலு மாதத்துக்கு முன் மகள் ஷம்ஸியா புருஷனோடு துபாய் போனபோது, ஆசையாக வளர்த்த உப்புத் தண்ணீர்த் தொட்டியையும் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்களையும் உம்மாவிடம் ஒப்படைத்தாள். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். தினமும் வீடியோ போனில் முதல் கேள்வி, "உம்மா, ரெண்டும் நல்லாருக்கா?"

ரெண்டுக்கு எங்கே போவது? ஒன்று செத்து ஒன்பது நாளாகிறது. பிள்ளைத்தாச்சியிடம் அதைச் சொல்ல மனசு வருமா? "ஒண்ணு கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சிட்டு கெடக்கு. ஒன்ன மாதிரியே வெக்கம்" என்று போனைத் தொட்டிப் பக்கம் திருப்பாமல் தன் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொள்வார். இப்போது மற்றதும் இரை எடுக்காமல் அடியில் கிடந்து மூச்சு வாங்குகிறது.

நேற்று வளர்ப்பு மீன் கடைக் கைலாசத்தை வீட்டுக்கே வரவழைத்தார். அவர் தண்ணீரில் உப்பு அளக்கும் மிதவை ஒன்றை விட்டுப் பார்த்துவிட்டு, "யம்மா, உப்பு எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. தண்ணி கொறஞ்சா எத ஊத்துதிய?" என்றார்.

"உவரியில இருந்து வார மீன்காரர்ட்ட சொல்லி கடத்தண்ணி வாங்கி ஊத்துதேன். உப்புத்தண்ணி மீனுக்குப் பின்ன எத ஊத்த?"

"ஒங்க கொழம்பு வத்திட்டுன்னா மேக்கொண்டு உப்பையா அள்ளிப் போடுவிய?"

ஹமீது பீவி தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். வற்றுவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே கிடக்கும். நாற்பது வருஷமாக அடுப்படியில் தெரிந்த சங்கதி, அது கூடத்தில் எப்படி மறந்துபோயிற்று? "யா அல்லா, என் கையாலயே கொன்னுட்டேனே!"

"ஒரேயடியா நல்ல தண்ணிய ஊத்திராதிய, இதுவும் செத்துரும். மணிக்கு ஒரு தம்ளர். கொழாத் தண்ணி வேண்டாம், மருந்து கலந்திருக்கும்" என்றார் கைலாசம். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரை வேண்டாம் என்றவரை வேறு நாளாக இருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பார்.

நேற்றிலிருந்து வீட்டில் மீன் குழம்பு இல்லை. காலையில் வாசலில் கூவிய மீன்காரரிடம், "சத்தம் போடாதியும். உள்ள நோயாளி கெடக்கு" என்று கதவைச் சாத்தினார்.

பதினேழாவது தம்ளர். சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும் நேரம். அடியில் கிடந்த மீன் அசைந்தது, மேலே வந்தது. போட்ட இரையில் ஒரு குருணையைக் கவ்வியது, துப்பியது. ஹமீது பீவி மூச்சு விடவில்லை. மறுபடி கவ்வி விழுங்கியது. "தின்னுட்டியா, என் ராசா!" அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைப்பதற்குள் போன் அடித்தது.

"உம்மா, ரெண்டும் நல்லாருக்கா? இன்னைக்காவது காட்டு."

ஒளிந்திருக்கிறது என்ற பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஹமீது பீவி அதைச் சொல்லாமல் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினார். மறு கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, அந்தக் கல்லைப் பைய எடுத்து வெளியே வைத்தார்.