தஞ்சாவூரில் ஒரு மகிழ மரம்

எங்கள் அழைப்பை ஏற்று வந்து, சாப்பிட்ட கையின் ஈரம் காய்வதற்குள் இந்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி தங்கையான என்னிடம் சொன்னார்கள். நாலு என்ன, நாற்பது எழுதலாம். ஆனால் அவருடைய பிடிவாதத்தை விட்டுவிட்டு எழுதினால், வேறு யாருடைய படத்துக்கோ மாலை போட்டது போல் ஆகிவிடும். அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன். வருத்தப்படுகிறவர்கள் என்னிடம் வந்து சண்டை போடலாம்.

எளாவூருக்குக் கிழக்கே, நான்கு பக்கமும் நெல் வயல் சூழ்ந்த ஒரு சிற்றூரில் அண்ணன் பிறந்தார். தூரத்தில் ரயில் போவது தெரியும். காலைப் பனியில் தண்டவாளம் கண்ணுக்குத் தெரியாது. பெட்டிகள் மட்டும் நெற்கதிர்களின் மேல் மிதந்து தெற்கே போகும். ஏர் ஓட்டும்போது அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார். மாடு தன் போக்கில் அடுத்த வயலுக்குப் போய்விடும். அதற்கு வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை.

எங்கள் தந்தையாரை நைனா என்றுதான் அழைப்போம். கல்யாணமான புதிதில் அம்மாவைத் திருவொற்றியூர் கோயிலுக்கு அழைத்துப்போன நைனா, அங்கே மகிழ மரத்தடியில் உட்கார்ந்து, “அடுத்த தபா தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குக் கூட்டினு போறேன்” என்று சொன்னாராம். போக முடியவில்லை. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளையில்லாத பெரியப்பாதான் எங்களை வளர்த்தார். நைனா சொல்லிவிட்டுப் போன அந்த வார்த்தையை அண்ணன் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பையன் கையில் ரயில் அட்டவணை எதற்கு என்று ஊரே சிரித்தது. எந்த ரயில் எந்த ஊரில் நிற்கும், அந்த ஊர்க் கோபுரம் எந்தப் பக்கத்து ஜன்னலில் தெரியும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவார். கோயில் கட்டடத்தின் மேல் அப்படி ஒரு பைத்தியம்.

அறுபதுகளின் பிற்பகுதியில்தான் அதற்கு வேளை வந்தது. தெருவில் ஒரு கூட்டமே புறப்படத் தயாரானது. பயணச்சீட்டும் வாங்கியாயிற்று. அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா காலமானார். கொள்ளி வைத்தவர் அண்ணன். கொள்ளி வைத்தவர் ஒரு வருடம் கோயில் வாசலைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அம்மாவுக்கும் எனக்கும் பதினாறாம் நாளோடு தீட்டு முடிந்தது.

அண்ணன் பயணத்தை நிறுத்தவில்லை. அவர் இல்லாவிட்டால் எங்கள் கூட்டத்துக்கு எழும்பூருக்கும் சென்ட்ரலுக்குமே வித்தியாசம் தெரியாது. “நான் வெளியே நிக்கறேன். நீங்க போய் பாத்துக்கினு வாங்க” என்றார். அம்மா அழுதார்கள். “உனக்காகத்தானேடா கெளம்பினேன். நீ இல்லாம நான் இன்னாத்துக்கு உள்ளே போவணும்?”

“நீ பாத்துட்டு வந்து சொல்லும்மா. நான் பாத்தா மாரிதான்.”

கரி ரயில் விடியலில் சிதம்பரத்தை நெருங்கியபோது, இருட்டிலிருந்து கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் உள்ளே போனோம். அவர் நான்கு வீதிகளையும் சுற்றி, கோபுரத்தில் கல் எதுவரை போகிறது, செங்கல்லும் சுதையும் எங்கே தொடங்குகின்றன என்று அண்ணாந்து பார்த்து, கழுத்து வலியோடு வந்து சேர்ந்தார்.

“இன்னாம்மா பாத்தே?”

“இன்னாத்த பாக்கறது? சாமி கீது. கும்பிட்டுக்கினு வந்தேன்.”

“தூணு எப்டி கீது?”

“தூணு தூணு மாரி கீது. போடா!”

விடுவாரா? அம்மாவை மறுபடி உள்ளே அனுப்பினார். கல்லில் நார் உரிக்கும் வேலைதான், ஆனாலும் உரித்தார். கும்பகோணம் போய்ச் சேர்வதற்குள் அம்மாவுக்கே ருசி தட்டிவிட்டது. தரையைப் பார்த்து நடந்தே பழகியவர்கள், விதானத்தை அண்ணாந்து பார்த்து என்மேல் மோதிக்கொண்டார்கள். மாலையில் ரயில் நிலையத்து மேடையில் துண்டை விரித்து, கொட்டைப்பாக்கைத் தூணாக நிறுத்தி, வெற்றிலையைக் குளமாக வைத்துக் கோயிலையே கட்டிக் காட்டினார்கள். “இந்தத் தூணுல யாளி கீது. அது வாயிக்குள்ள கல்லு உருண்டை உருளுதுடா, வெளியேதான் வர மாட்டேங்குது!” அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பக்கத்தில் ரயில் வந்து போவதுகூட இருவருக்கும் தெரியாது.

பிறகு தஞ்சாவூர். அகழிக்கு இந்தப் பக்கம் நின்றோம். வெயிலில் விமானம் தேன் நிறத்தில் இருந்தது. “மத்த ஊர்ல வாசல் பெருசு, சாமி ஊடு சின்னது. இங்கே பாரு பாப்பா, வாசல் சின்னது, சாமி ஊடு எம்மாம் ஒசரம்!” என்றார் அண்ணன். கூட வந்த மளிகைக் கடை மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. “இவ்ளோ தூரம் வந்துட்டு இன்னாடா வெளியே நிக்கறே? இங்கே உன்னை எவனுக்குத் தெரியும்? வாடா உள்ளே!” என்று கையைப் பிடித்து இழுத்தார்.

“எனக்குத் தெரியுமே மாமா” என்று கையை விடுவித்துக்கொண்டார்.

அம்மாவும் நானும் உள்ளே போனோம். வாசலைத் தாண்டியதுமே அம்மாவின் கண்கள் மூடிக்கொண்டன. அழைத்துவருகிறேன் என்ற புருஷன் இல்லை. அழைத்துவந்த பிள்ளை வெளியே. என் தோளைப் பிடித்தபடி, கண்ணைத் திறக்காமல், அழுதுகொண்டே முழுக் கோயிலையும் சுற்றினார்கள். நந்தியைப் பார்க்கவில்லை. விமானத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. “கண்ணைத் திற அம்மா” என்றால் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

வெளியே அண்ணன், பசித்த பிள்ளை இலையின் முன் உட்கார்ந்தது போல் காத்திருந்தார். “சொல்லும்மா.”

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள். “உள்ளே ஒரு மகிழ மரம்டா. பூவு கொட்டிக் கெடக்குது. கால் வைக்கவே மனசு வரல. அப்டியே ஓரமா சுத்தினு போனா, சாமி ஊட்டுக்குப் பின்பக்கம் ஆனை படுத்தா மாரி உருண்டையா கீது. ஜிலுஜிலுன்னு காத்து.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணன் விமானத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, “அப்புறம்?” என்றார். அம்மா சொல்லிக்கொண்டே போனார்கள். மறுநாள் ரயிலில், “ராத்திரி கனாவுல அந்த மரத்தடியில நடந்தேம்மா. தலையெல்லாம் பூவு” என்றார். அப்போது அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்ததும் அண்ணன் ஓர் இரும்புக் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தார். பொதட்டூர்பேட்டையிலிருந்து அண்ணி வந்தார். வயலும் ஷிப்டும் மாறி மாறி முதுகை ஒடித்தாலும், விடுமுறை கிடைத்தால் கூட வேலை செய்வோரின் குடும்பங்களை வேனில் ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகப் போவார். “நம்ம ஷெட்டுக்கு எத்தினி போல்ட்டு முடுக்கறோம்? இங்கே ஒரு போல்ட்டு காட்டு பாப்போம்!” என்று தூணைத் தட்டுவார். பார்க்காத கோயில் இல்லை. தஞ்சாவூர் மட்டும் விதிவிலக்கு. எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டு அகழியோரம் உட்கார்ந்துவிடுவார். எத்தனை முறை போனாலும் அப்படித்தான். பிடிவாதம் என்றேனே, இதுதான்.

அம்மா போன பிறகு ஒருமுறை அங்கேயே வைத்துச் சண்டை போட்டேன். “இப்போ இன்னாண்ணா தடை? உள்ளே வா!”

அவர் சிரித்தார். “நீயும் அம்மா கூடத்தானே போனே பாப்பா? மகிழ மரம் பாத்தியா?”

நான் அகழிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இந்த விமானம் நாலு பக்கமும் சதுரமா நிக்குது. இங்கிருந்தே தெரியுதே. ஆனை படுத்தா மாரி எப்டி இருக்கும்? அம்மா திருவொத்தியூரைத் தூக்கினு வந்து தஞ்சாவூர்ல வெச்சிட்டாங்க. நைனாவோட பாத்த கோயிலு அது. நான் உள்ளே போனா அந்த மரம் இருக்காது பாப்பா. வோணாம்.”

எல்லாம் தெரிந்துகொண்டேதான் அன்றைக்கு “அப்புறம்?” என்று கேட்டிருக்கிறார். இப்படி ஒரு பிள்ளையைப் பெற அம்மா என்ன தவம் செய்தார்களோ! நான் வேனில் ஏறி உட்கார்ந்து ஊர் வரும்வரை அழுதேன்.

ஓய்வு பெற்றபின் மணவாள நகரில் இருந்தார். கடைசி நாட்களில் பேச்சு குறைந்து, பாதி விழிப்பும் பாதி கனவுமாகக் கிடந்தார். கட்டிலருகே யார் வந்தாலும், “பாத்து வா, பூவை மிதிக்காதே” என்பார். சுற்றி இருந்தவர்கள் பிதற்றல் என்றார்கள். நான் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தேன்.

அண்ணனைக் கடைசிவரை கவனித்த மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், பாடையைத் தோளில் சுமந்த பழைய கம்பெனித் தோழர்களுக்கும், இந்த ஒரு வருடமும் அண்ணியைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. வார்த்தையில் அடங்காததைக் கை கூப்பிச் சொல்கிறோம்.

இன்னும் ஒன்று. சில மாதங்களுக்கு முன் அண்ணன் மகன் என்னைத் தஞ்சாவூருக்குக் காரில் அழைத்துப்போனான். அவன்தான் கொள்ளி வைத்தவன், அதனால் அகழியோரம் நின்றுவிட்டான். நான் மட்டும் உள்ளே போய், நந்தி, விமானம், திருச்சுற்று எல்லாவற்றையும் அழாமல் கண் நிறையப் பார்த்தேன். திரும்பி வந்ததும், “உள்ளே இன்னா கீது அத்தே?” என்றான். பார்த்ததைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“ஒரு மகிழ மரம் கீதுப்பா” என்றுதான் வந்தது.

அவன் அந்தச் சதுர விமானத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

இன்றோடு வருடம் முடிகிறது. இதை அச்சுக்குக் கொடுக்கும்போதே அவனிடம், “வருசம் முடிஞ்சதும் நீ தாராளமா உள்ளே போலாம்டா” என்றேன்.

“போலாம் அத்தே, அவசரமில்ல” என்றான். “நீ இன்னொரு தபா சொல்லு.”